டர்போவுக்கு ஒரு வென்ட் பைப்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியமாகவே இருக்கிறோம்; வண்டியும் அப்படியே. நீங்கள் சௌக்கியமா என்று விசாரிக்க வேண்டிய அவசியம் இல்லை. போன வாரம் போனில் நீங்கள் போட்ட சத்தத்திலேயே உங்கள் நுரையீரல் இரண்டும் கல்லுக்குண்டு மாதிரி இருப்பது தெரிந்துவிட்டது. என் மகளை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். பேத்தியின் முன்பல் விழுந்ததா, இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று எழுதவும். அதை யாரும் கயிறு கட்டி இழுக்க வேண்டாம், தானாக விழும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை நீங்கள் முடித்துவிடுகிறீர்கள். அதுவும் எனக்கு எதிராக முடிக்கிறீர்கள். கடிதத்தில் அந்த வசதி உங்களுக்குக் கிடையாது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான்தான் பேசுவேன், நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் உங்கள் கேள்விக்குப் பதிலைச் சொல்லிவிடுகிறேன். "மாசக் கடைசியில வேன் எடுத்துக்கிட்டு வர்றேன் மாமா, சாமான் எல்லாம் கட்டி வையுங்க, அந்த வண்டிய எடைக்குப் போட்டுடலாம்" என்றீர்களே, அந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: மாட்டேன். வேன் வரவேண்டாம். சாமான் கட்டப்படாது. வண்டி எடைக்குப் போகாது. நாங்கள் இந்த மேட்டை விட்டு இறங்கி உங்களோடு வந்து தங்கப்போவது இல்லை. உங்கள் அத்தையை ஏற்றிக்கொண்டு மேடேற அந்தப் பழைய கார் வண்டியால் முடியாது, அதனால் இந்த வீடு இனி எங்களுக்கு ஆகாது, இதுதானே உங்கள் வாதம்? இப்போது வண்டியால் முடியும். எப்படி முடிந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழ்வீட்டு வக்கீல் உங்களுக்குப் போன் செய்து சொன்னது கதையின் நடுப்பகுதி மட்டும். நடுவில் ஆரம்பித்தால் யாரும் பைத்தியக்காரனாகத்தான் தெரிவார்கள். ஆகவே முதலிலிருந்து சொல்கிறேன்.

எங்கள் தெரு எப்படிப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். முதல்முறை நடந்து வந்தபோது பாதி வழியில் நின்று நீங்கள் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல நடித்ததை நான் மேலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த இடத்துக்கு மேல்தான் கடைசித் திருப்பம். திருப்பத்துக்குக் கீழே வக்கீல் வீடு, மேலே எங்கள் வீடு, அதற்கு மேலே ஆகாயம். வண்டி அந்தத் திருப்பத்துக்கு வந்ததும் முதல் கியரிலேயே முனக ஆரம்பிக்கும், பின்னால் கரும்புகை தள்ளும். உங்கள் அத்தை உடனே, "நிறுத்துங்க, நான் இறங்கி நடந்துக்கறேன்" என்பாள். இறங்குவாள். முட்டி வலியோடு வக்கீல் வீட்டுச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள். அவள் இறங்கியதும் வண்டி எப்படியோ தவழ்ந்து மேலே போய்ச் சேரும். கடைக்குப் போனாலும் இதே கதை, டாக்டரிடம் போனாலும் இதே கதை. வக்கீலோ வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ன சார், நீங்க மட்டும் சொகுசாப் போறீங்க, அம்மாவ நடக்க விட்டுட்டீங்க?" என்று தினமும் கேட்பார், ஒருநாளும் அலுக்காமல். பைகளை நான்தான் வண்டியில் கொண்டுபோகிறேன் என்பதை அவர் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை.

இதை நீங்கள் கடைசியாக வந்தபோது பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், கார் கம்பெனியில் எஞ்சினுக்குப் படம் போடுகிற உத்தியோகம் அல்லவா, எனக்குப் பாடம் நடத்தினீர்கள். எஞ்சினில் எரிந்து வெளியே போகிற புகை போகிற வழியில் ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிற இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிறது. காற்று கூடினால் இழுவை கூடும். இதுதான் டர்போ என்றீர்கள். வீணாகப் போகிற புகையைக்கூட நிறுத்தி வேலை வாங்குகிற ஏற்பாடு. கேட்டதுமே அந்த டர்போவை எனக்குப் பிடித்துப்போயிற்று. "உங்க வண்டியில புகை சரியா டர்போவுக்குப் போய்ச் சேரல மாமா. மொதல்ல கேஸ்கெட்டப் பாக்கச் சொல்லுங்க. அப்புறம், நாலு சிலிண்டர் புகையும் ஒரே குழாயில வந்து ஒண்ணோட ஒண்ணு முட்டிக்குது, அதயும் சரி பண்ணணும்" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் நான் கேட்டிருப்பேன். "இந்த வயசுல எதுக்கு மாமா இதெல்லாம்? ரெண்டு பேரும் எங்களோட வந்துடுங்க. லிஃப்ட் இருக்கு, முட்டிக்கும் நல்லது" என்று முடித்தீர்கள் பாருங்கள், அங்கேதான் என் ரத்தம் கொதித்தது. உங்கள் அத்தைகூட, "லிஃப்ட்டுல உக்கார ஸ்டூல் போட்டிருப்பாங்களா?" என்று கேட்டாள். கிண்டல் செய்கிறாள் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. உங்களுக்குத்தான் புரியவில்லை, இருக்கிறது அத்தை என்று பதில் வேறு சொன்னீர்கள்.

மாப்பிள்ளை, நான் யார்? இந்த ஊரில் பாதிக் கட்டடங்களின் அடியில் கழிவுநீர்க் குழாய் போட்டவன். நான் போட்ட குழாயில் போனது எதுவும் திரும்பி வந்ததில்லை. ஒரு குழாய்க்குள் ஒன்று ஒழுங்காக ஓடவேண்டும் என்றால் அகலம் வேண்டும், வாட்டம் வேண்டும், காற்று வேண்டும். வாட்டம் என்றால், தானாக இறங்கி ஓடுவதற்காகக் குழாயைச் சற்றே சரித்துப் போடுவது. காற்று என்றால், கீழே ஓடுகிறது விக்கிக்கொண்டு நிற்காமல் இருக்க ஒரு குழாயைக் கிளையாக எடுத்து மொட்டைமாடி வரை கொண்டுபோய் மேலே தொப்பி போட்டு விடுவது. அதற்குப் பெயர் வென்ட் பைப். இந்த வித்தை தெரிந்தவனிடம் வந்து, குழாயில் புகை போகவில்லை, வீட்டைக் காலி செய் என்றால் எவன் கேட்பான்?

மறுநாளே வண்டியை 'பாக்கலாம்' பட்டறைக்குக் கொண்டுபோனேன். மெக்கானிக்குக்கு வேறு பெயர் இருக்கிறதாகத்தான் கேள்வி. எதைச் சொன்னாலும் "பாக்கலாம்" என்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. புகைக்குழாயைக் கழற்றிப் போட்டோம். எஞ்சினின் நான்கு ஓட்டைகளிலிருந்தும் புகையை வாங்கி டர்போவின் வாயில் கொண்டுபோய் விடுகிற இரும்புக் குழாய் அது. பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மெலிந்து, குறுகி, சமையலறைத் தொட்டிக்குக்கூட அந்த அளவுக் குழாயை நான் போடமாட்டேன். சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் படம் போட்டேன்: அகலமான குழாய், டர்போவை நோக்கி நல்ல வாட்டம்.

"எதுக்கு சார் இவ்ளோ அகலம்?"

"ஓடுறதுக்கு."

"சாக்கடை கீழ ஓடும் சார். புகை மேலதான போகும்?"

"நீ வெல்டிங்க மட்டும் பண்ணு."

"பாக்கலாம். கேஸ்கெட் கருகியிருக்கு சார், புதுசு போட்டுடவா?"

தாள் கனத்துக்கு ஒரு தகடு, குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைப்பது. அது கருகினால் என்ன, கருகாவிட்டால் என்ன? நாம் பெரிய வேலையில் இருக்கும்போது இவன் சில்லறை வேலையைப் பேசுகிறானே என்று, "இருக்கறதையே போடு" என்றேன்.

அன்று சாயங்காலம் உங்கள் அத்தையை ஏற்றிக்கொண்டு மேடேறினேன். திருப்பத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஒன்றும் இல்லை. முன்பாவது முனகும், இப்போது முனகலும் இல்லை. அவள் வழக்கமான இடத்தில் வழக்கம்போல இறங்கிவிட்டாள். நான் விடாமல் மிதித்துக்கொண்டே இருந்தேன். நடந்தது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். அகலமான இடத்தில் விட்டால் புகை அவசரமே படாமல் உலாவப் போய்விடுகிறது, உலாவுகிற நேரத்தில் சூடும் ஆறிவிடுகிறது. டர்போவை எழுப்புகிற அளவுக்கு அது திரண்டு வருவதற்குள் நான் திருப்பத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, முற்றத்துக்குள் வந்துவிட்டேன். வந்து காலை எடுக்கலாம் என்று நினைத்த அந்த நொடியில் டர்போ கண் விழித்தது. ஐயோ மாப்பிள்ளை, அந்த வண்டிக்குள் அவ்வளவு பலம் இருந்தது என்று அன்றுதான் தெரிந்தது. பூந்தொட்டிகள் போயின, துணி உலர்த்தும் கம்பம் போயிற்று, தண்ணீர் டிரம் உருண்டு போயிற்று. குளியலறைச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு வண்டி நின்றது. பலம் வந்தது என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும். வந்த இடம்தான் சரியில்லை. உங்கள் அத்தை பின்னாலேயே நடந்து வந்து, முற்றமெல்லாம் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு, "என்னங்க, நாம இந்த வீட்டுல இருக்கணும்னு வண்டியே நினைக்கல போல" என்றாள். நான் டிரம்மைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நான் உங்களுக்குப் போன் செய்தது என் தப்பு. நீங்கள் சிரித்தீர்கள். என் மகள் போனை வாங்கி, "அப்பா, அம்மாவ எங்ககிட்ட அனுப்பிடுங்க, நீங்க வண்டியோட குடும்பம் நடத்துங்க" என்றாள். பெற்ற பெண் பேசுகிற பேச்சா இது? கட்டிய மனைவியை முப்பாட்டன் காலத்து வண்டியை நம்பி மேட்டில் வைத்திருக்கிறான் என்று நீங்கள் எல்லாரும் நினைக்கிறீர்கள். உங்கள் அத்தை ஒரு நாளாவது முணுமுணுத்தது உண்டா? இந்த வீட்டை விட்டு எங்கேயும் போகவேண்டும் என்று சொன்னது உண்டா? நான் ஒற்றைக் காலில் நிற்பது எனக்காக அல்ல, அவளுக்காக. அவள் வைத்த செடி, அவள் தேர்ந்தெடுத்த ஜன்னல், அவள் இஷ்டத்துக்கு நான் மூன்று முறை மாற்றிப் போட்ட சமையலறைக் குழாய். இதை விட்டுவிட்டு உங்கள் வீட்டில் யாரோ எவரோ போட்ட குழாயில் அவள் பாத்திரம் தேய்க்க வேண்டுமா? இதை நினைத்தபோது எனக்கு வீம்பு இன்னும் ஏறிவிட்டது.

ஆகவே மறுபடி பட்டறை. புகை திரள இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? விக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். விக்கினால் என்ன செய்வோம்? வென்ட் பைப் வைப்போம். குழாய் நான்கும் சேருகிற இடத்தில் ஒரு கிளை எடுத்து, பானெட்டில் ஓட்டை போட்டு, முன்கண்ணாடி ஓரமாகவே மேலே ஏற்றி, வண்டியின் கூரைக்கும் மேலே கொண்டுபோய், மழை உள்ளே போகாமல் தொப்பியும் போடச் சொன்னேன். மெக்கானிக் பாக்கலாம், "வேணாம் சார்" என்றான். அவன் வாயில் வேறு வார்த்தை வந்து நான் கேட்டது அதுவே முதல்முறை. நான் விடுவேனா?

அந்த வண்டியின் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. சைலன்சர் வரை போய் அடங்கவேண்டிய சத்தமெல்லாம் பாதி வழியிலேயே தப்பித்து என் காதருகே வெளியே வந்தது. தெருவில் எல்லா ஜன்னல்களும் திறந்தன. உங்கள் அத்தை வழக்கமான இடத்துக்கு வரும் முன்பே இறங்கப் பார்த்தாள். "இன்னிக்கி நீ இறங்கக் கூடாது" என்று நான் கதவைப் பூட்டிவிட்டேன். திருப்பத்துக்கு வந்தோம். யோசித்துப் பாருங்கள் மாப்பிள்ளை, புகைக்கு இப்போது இரண்டு வழி. ஒரு வழியில் சக்கரம் குறுக்கே நின்றுகொண்டு, என்னைச் சுற்றிவிட்டுப் போ என்கிறது. இன்னொரு வழி காலியாகத் திறந்து கிடக்கிறது. நானாக இருந்தாலும் காலி வழியில்தான் போவேன். அது அப்படித்தான் போயிற்று. டர்போ அசையவே இல்லை. வண்டி நின்றது. நின்ற வண்டி பின்னால் வர ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தேன், சரளையில் வழுக்கிக்கொண்டு திரும்பி, வக்கீல் வீட்டுச் செடி வேலியோடு பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வென்ட் பைப்பின் தொப்பி சரியாக அந்தக் கொடியின் உயரத்துக்கு இருந்தது. இதை நான் கவனிக்கவில்லை. வேலியிலிருந்து வண்டியை எடுக்கவேண்டும் என்கிற ஒரே எண்ணத்தில் நன்றாக மிதித்தேன், விட்டு விட்டு மிதித்தேன்.

வக்கீல் ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"என்ன சார் இது, வண்டிக்கு மேல புகைபோக்கி?"

"வென்ட் பைப்."

"எதுக்கு?"

"காத்துக்கு."

"என் சட்டையெல்லாம் பாருங்க! நான் கேஸ் போடுவேன் சார், சும்மா விடமாட்டேன்!"

"தாராளமாப் போடுங்க. கறுப்புக் கோட்டுக்கு உள்ள போடற சட்டைதான, யாருக்குத் தெரியப்போவுது?"

இதுதான் நான் அவரை அவமானப்படுத்தியதாக அவர் உங்களிடம் சொன்ன வாக்கியம். அவமானமா, யோசனையா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். இதற்குள் உங்கள் அத்தை என் பக்கத்துக் கதவு வழியாக, தலையெல்லாம் இலையோடு வெளியே வந்து, அவரிடம் மன்னிப்புக் கேட்டு, சட்டைகளை எல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குள்ளேயே போய்விட்டாள். துவைத்துக் கொடுத்துவிட்டு வரக் கொஞ்ச நேரம் ஆகும் என்று பார்த்தால், வக்கீல் வீட்டம்மாவோடு தேநீர் குடித்துப் பேசிவிட்டு இருட்டுகிற நேரத்துக்குத்தான் வந்தாள். "அவங்க பொண்ணு வீட்டுல வாசலத் தாண்டினாலே கடையாம். பேரன தினம் அவங்கதான் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனாங்களாம், போன தடவ போயிருந்தப்போ" என்றாள். இவ்வளவு பெரிய கலவரம் நடந்திருக்கிறது, இவள் ஊர்க்கதை பேசிவிட்டு வந்திருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல். அதற்குப் பிறகுதான் உங்கள் போன், உங்கள் சத்தம், வேன், எடைக்கடை எல்லாம்.

சரி, இனிமேல்தான் வக்கீலுக்குத் தெரியாத பகுதி. நீங்கள் போனை வைத்த மறுநாள் பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அடுக்குமாடியில் எதிரெதிர் வீடுகள், ஒரு வீட்டுக் குளியலறையில் தண்ணீர் விட்டால் எதிர் வீட்டில் பொங்குகிறதாம். குழாய் நான் போட்டதுதான், ஆனால் எனக்குப் பின்னால் எவனோ புகுந்து இரண்டு வீட்டுக் குழாயையும் நேருக்கு நேராக ஒரே இடத்தில் சேர்த்திருந்தான், ஆகையால் நான் முதலில் சொன்னது சொன்னதுதான். மூடியைத் திறந்துவிட்டு, இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில் விடச் சொல்லிக் குனிந்து பார்த்தேன். இரண்டும் ஓடிவந்து முட்டிக்கொண்டன. முட்டிக்கொண்டு ஒன்று மற்றதன் வீட்டுக்குள் ஏறியது. இதற்கு அகலமும் தேவையில்லை, காற்றும் தேவையில்லை. தனித்தனியாகக் கொண்டுவந்து, சாய்வாகச் சேர்த்து, ஒன்று போனபின் ஒன்று போகிற மாதிரி விட்டால் போதும். எனக்குப் பொறி தட்டியது. எஞ்சின் புகையைத் தண்ணீர்க் குழாய்போலத் தொடர்ந்து விடுவதில்லையே! ஒரு சிலிண்டர் விட்டு ஒரு சிலிண்டர், புஸ், புஸ், புஸ் என்று அல்லவா விடுகிறது? அந்த ஒவ்வொரு புஸ்ஸும் சூடு ஆறாமல், வேகம் குறையாமல், அடுத்ததோடு முட்டாமல் வரிசையாகப் போய்ச் சக்கரத்தை அடிக்கவேண்டும். இதைத்தானே மாமா நான் அன்றைக்கே சொன்னேன் என்று இந்த இடத்தில் நீங்கள் குறுக்கிட விரும்புவீர்கள். இது கடிதம், மாப்பிள்ளை. குறுக்கிட முடியாது. நீங்கள் சொன்னீர்கள் என்பதை நான் மறுக்கவில்லை. நீங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொன்னீர்கள், நான் மூடியைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றாகிவிடுமா?

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனேன். வென்ட் பைப்பை அறுத்து எறியச் சொன்னேன். பானெட் ஓட்டைக்குத் தகடு அடித்தாயிற்று, மழை பெய்தால் கொஞ்சம் ஒழுகும், அவ்வளவுதான். அகலக் குழாய் போயிற்று. நான்கு ஓட்டைக்கும் ஒடுக்கமான நான்கு குழாய், நான்கும் ஒரே நீளம், எங்கேயும் வெடுக்கென்று திரும்பாமல் வளைந்து வந்து டர்போவின் வாயருகே சாய்வாகச் சேருகிற மாதிரி. வெல்டிங் பிசிறு உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் புகை இடறும் என்று விரலை விட்டுத் தடவித் தடவி அரத்தால் தேய்த்தோம். சூடு வழியிலேயே வீணாகாமல் இருக்க மேலே முழுக்கச் சூடு தாங்கும் துணி சுற்றினோம். பாக்கலாம் என்னைக் கேட்காமலே புது கேஸ்கெட்டும் போட்டுவிட்டான். போட்டுவிட்டு, பழையதைத் தூக்கிக் காட்டி, பாதிப் புகை இத்தனை நாளும் அந்தக் கருகிய இடுக்கு வழியாகவே வெளியே போயிருக்கிறது, இதை மட்டும் மாற்றியிருந்தாலே வண்டி ஏறியிருக்கும் என்கிறான். ஏறியது குழாயாலா, கேஸ்கெட்டாலா? இரண்டையும் ஒரே நாளில் மாட்டியதால் இனி அதை எவனாலும் நிரூபிக்க முடியாது. உங்கள் கம்பெனியே வந்தாலும் முடியாது. எனவே குழாயால்தான்.

நேற்றுச் சாயங்காலம் உங்கள் அத்தையை முன் சீட்டில் உட்காரவைத்து, காய்கறிப் பைகளைப் பின்னால் வைத்து, கீழிருந்து புறப்பட்டேன். திருப்பம் வந்தது. அவள் கை பழக்கத்தில் கதவுப் பிடிக்குப் போயிற்று. நான் மிதித்தேன். எஞ்சினிலிருந்து மெலிதாக ஒரு விசில் கேட்டது. அதுதான் டர்போ. இரண்டாவது கியர் மாப்பிள்ளை, இரண்டாவது கியரில் திருப்பத்தைத் தாண்டினோம். கரும்புகை இல்லை, முனகல் இல்லை. வக்கீல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கேட்டுக்குள் நுழைந்து நான் நினைத்த இடத்தில் வண்டி நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கப்படாமல் சொல்கிறேன். அவள் நடக்காமல் வீட்டு வாசலில் வந்து இறங்கி எவ்வளவு காலம் ஆயிற்று! அவள் உடனே இறங்கவில்லை. முன்கண்ணாடி வழியாக நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "ஏறிடுச்சு" என்றாள். "ஏறிடுச்சுல்ல?" என்றேன். பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு சந்தோஷம்.

ஆகவே மாப்பிள்ளை, வழக்கு முடிந்தது. வண்டி மேடேறும்வரை இந்த வீடு எங்களுடையது. எங்களுக்கென்று ஒதுக்கிய அறையில் பேத்தியின் விளையாட்டுச் சாமான்களைப் போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறைக்கு நீங்கள்தான் இங்கே வரவேண்டும். பஸ் நிலையத்துக்கு நானே வந்து எல்லாரையும் ஏற்றிக்கொண்டு மேலே கூட்டிவருவேன், திருப்பத்தில் உங்களை ஷூ கயிறு கட்ட விடமாட்டேன். இனி யாரும் என்னைப் பார்த்து "இறங்கி வாங்க" என்று சொல்லக்கூடாது.

மகளுக்கு என் ஆசி. பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், பல் ஆடுகிற பக்கம் மெதுவாக. உங்களுக்கும் ஆசி உண்டு, கோபம் ஆறியபின் எடுத்துக்கொள்ளவும்.

மேட்டை விட்டு இறங்காத,
உங்கள் மாமனார்

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் அத்தைக்குப் படித்துக் காட்டினேன், பெருமையாகத்தான். சட்டைப் பகுதியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். முடித்ததும், "மாட்டேன்னு யாரு சொன்னது?" என்றாள். "நாம" என்றேன். "என்னை எப்போ கேட்டீங்க?" என்றாள். நீதான் ஒரு நாள்கூடக் குறை சொல்லாமல் இறங்கி இறங்கி நடந்தாயே என்றேன். "வண்டி திணறி நிக்கறதுக்கு முன்னாடியே இறங்கிடுவேன், கவனிச்சீங்களா? முட்டியப் புடிச்சுக்கிட்டு இவ நடக்கறதப் பாத்தாவது, போதும், பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு ஒரு நாள் உங்க வாயாலயே சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க என்னடான்னா, வண்டிய ரிப்பேர் பண்ணிட்டு வந்து நிக்கறீங்க" என்றாள். இதைக் கிழித்துவிட்டு வேறு கடிதம் எழுதுகிறேன் என்றேன். "வேணாம், இதையே அனுப்புங்க. எனக்காக நீங்க என்னென்ன பண்ணினீங்கன்னு அவங்களுக்கும் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டாள். ஆகவே வேன் வரட்டும். ஆனால் மாசக் கடைசிக்கு ஒரு நாள்கூட முன்னால் வேண்டாம். அதுவரை தினமும் சாயங்காலம் ஒருமுறை கீழே போய், திருப்பத்தில் இறங்காமல், என் பக்கத்தில் உட்கார்ந்தே மேலே வரவேண்டுமாம் அவளுக்கு.